பத்தாவது ஆள்

தூக்கில் போடப்பட்டவன் சாகாவிட்டால் என்ன செய்வது என்று அந்த நகரத்துச் சட்டம் எங்கேயும் சொல்லவில்லை. ரைன் நதியின் ஒரு வளைவில் இருந்தது அந்த நகரம். பெயரைச் சொன்னால் இன்றைக்கும் அங்கே திராட்சை மது விற்றுப் பிழைப்பவர்கள் முகம் சுளிப்பார்கள், ஆகையால் நகரம் என்றே வைத்துக்கொள்வோம். கிறிஸ்தவன் திருடினால் கழுத்தில் கயிறு, யூதன் திருடினால் காலில் கயிறு, இதுதான் அங்கே வழக்கம். யூதனைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, இந்தப் பக்கம் ஒரு நாயையும் அந்தப் பக்கம் ஒரு நாயையும் உயிரோடு கட்டிவிடுவார்கள், ஒன்றிரண்டு நாளில் எல்லாம் அடங்கிவிடும். பேலாவின் புருஷன் யேக்கெலையும் அறுவடை முடிந்த ஒரு வியாழக்கிழமை அப்படித்தான் கட்டினார்கள். நாய்கள் இரண்டும் மறுநாள் செத்தன, தூக்குப் போடுகிற மாட்டிஸ் அவற்றை இறக்கிக் குழி வெட்டிப் புதைத்தான். யேக்கெல் சாகவில்லை. அந்த ஞாயிறும் சாகவில்லை, அடுத்த ஞாயிறும் சாகவில்லை, மரங்கள் இலையெல்லாம் உதிர்த்துவிட்டு வெறுமனே நின்றபோதும் சாகவில்லை, பனி விழுந்து அவன் உள்ளங்கால்கள் மேல் ஏறிக் குவிந்தபோது, "பேலா, கால்ல இருக்கறதைக் கொஞ்சம் தட்டி விடேன்" என்று கேட்டான், அவ்வளவுதான்.

யூதர் தெருவில் அவனுக்கு இருந்த வேலை கதவு தட்டுவது. விடியுமுன் எழுந்து, கையில் ஒரு மரச் சுத்தியலோடு வீடு வீடாகப் போய்த் தட்டி, ஜெபத்துக்கு நேரமாயிற்று என்று எழுப்ப வேண்டும். மற்ற நாளில் மூன்று தட்டு. தெருவில் யாராவது இறந்திருந்தால் இரண்டே தட்டு, மூன்றாவதைக் காணோமே என்று படுக்கையில் கிடந்தபடியே எல்லோருக்கும் விஷயம் விளங்கிவிடும். அந்த வேலைதான் அவனுக்கு வினையாக வந்தது. ஒரு நாள் காலையில் கிறிஸ்தவர்களின் பெரிய கோவில் மணியை அடிக்கக் கயிற்றை இழுத்தால் மணி ஆடுகிறது, சத்தம் வரவில்லை. ஏறிப் பார்த்தால் மணியின் நாக்கைக் காணோம், ஓர் ஆள் தூக்க முடியாத இரும்பு நாக்கு. ஊரே தூங்குகிற நேரத்தில் விழித்திருந்தவன் யார், கையில் சுத்தியலோடு திரிந்தவன் யார் என்று கேட்டார்கள், அதற்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது. கோபுரத்து அறையில் வைத்துக் கட்டைவிரல்களைத் திருகில் கொடுத்து இறுக்கினார்கள். முதல் விரலுக்குத் தெரியாது என்றான், இரண்டாவது விரலுக்கு நான்தான் எடுத்து ஆற்றில் போட்டேன் என்றான். அதைச் சத்தியமாகவும் வாங்கிக்கொண்டார்கள், யூதர்களுக்கென்று அவர்கள் வைத்திருந்த வழக்கப்படி அவனைப் பன்றித் தோல்மேல் நிற்கவைத்து.

அவன் சாகாததைக் கண்டு நகரம் பயந்தது என்று சொன்னால் அது பொய். முதல் வாரம் கூட்டம் கூட்டமாக வந்து பார்த்தார்கள், இரண்டாவது வாரம் கூட்டத்துக்கு நடுவே உப்பு ரொட்டிக்காரன் கடை போட்டான், மூன்றாவது வாரம் வண்டிக்காரர்கள் "தொங்குகிறவனைத் தாண்டி வலப்பக்கம் திரும்பு" என்று வழி சொல்ல ஆரம்பித்தார்கள். வைத்தியர்கள் வந்து அவன் கண்ணிமையை இழுத்துப் பார்த்து, நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்து, ஆளுக்கொரு லத்தீன் வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்கள். பிஷப்பின் ஆட்கள் கூடிப் பேசினார்கள்: அற்புதம் என்றால் அது யூதனுக்கு நடக்காது, பிசாசின் வேலை என்றால் இவன் விடிந்ததும் கடவுள் பெயரைச் சொல்கிறானே. கடைசியில் இது அற்புதமும் இல்லை, சூனியமும் இல்லை, வெறும் தாமதம் என்று முடிவு செய்தார்கள். அந்த வார்த்தை எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று, ஏனென்றால் அந்த நகரத்தில் எல்லாமே தாமதம்தான், பாலம் கட்டுவதும் தாமதம், கோவிலுக்கு இரண்டாவது கோபுரம் எழுப்புவதும் தாமதம். குளிர்காலத்தில் கயிறு இற்றுப்போனபோது நகர சபை தன் செலவில் கொல்லனை அனுப்பி, கயிற்றுக்குப் பதிலாக இரும்புச் சங்கிலி போட்டு ஆணி அடித்து, தாமதத்தைப் பத்திரப்படுத்தியது. தொங்குகிறவன் காணாமல் போனால் யூதர் தெரு மொத்தமும் பதில் சொல்ல வேண்டும் என்று தண்டோராவும் போட்டார்கள்.

பேலா முதலில் சந்தோஷப்பட்டாள். சந்தோஷப்பட்டாள் என்று சொல்ல அவளுக்கே பிறகு வெட்கமாக இருந்தது, ஆனால் அதுதான் உண்மை. புருஷன் சாவான் என்று நினைத்துக்கொண்டு போனவளுக்கு அவன் தண்ணீர் கேட்டால் எப்படி இருக்கும்? தினமும் விடிந்ததும் கிழக்கு வாசல் வழியாகத் தூக்குமேட்டுக்குப் போவாள், ரொட்டியை வெந்நீரில் ஊறவைத்து ஊட்டுவாள், அவனும் கீழிருந்து மேலாக விழுங்கக் கற்றுக்கொண்டான். அவன் தலை அவள் நெஞ்சு உயரத்தில் இருந்தது. அவன் முகத்தைத் தலைகீழாகவே பார்த்துப் பார்த்து, அவன் சிரிக்கிறானா அழுகிறானா என்று சரியாகச் சொல்ல அவளுக்கு ஒரு மாதம் ஆயிற்று. அதன் பிறகு இன்னொரு தொல்லை வந்தது: வீட்டில் தனியாக இருக்கும்போது அவன் முகத்தை நினைத்துப் பார்த்தால் அது தலைகீழாகவே வந்தது, நேராக வரவே இல்லை. ஏழு வருஷம் ஒரே தலையணையில் படுத்த மனுஷன் முகம் இப்படி மறந்து போகுமா என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

பாதிரியார் ஒருவரும் தினமும் வருவார். நல்ல மனுஷர், குரலை உயர்த்த மாட்டார். "ஞானஸ்நானம் வாங்கிக்கோப்பா. ஒரு வார்த்தை சொல்லு போதும். உன்னை நிமிர்த்தி, எங்க ஆளுங்களுக்குப் போடற மாதிரி கழுத்துல போட்டு, வலியில்லாம முடிச்சிடுவாங்க" என்பார்.

யேக்கெல் பேலாவிடம் சொல்லிச் சிரிப்பான். "கேட்டியா? நேரா நின்னு சாகணும்னா நான் அவங்க ஆளா ஆகணுமாம்."

அவள் நீதிபதி வெண்டெலைப் பார்க்க நடையாய் நடந்தாள். வெண்டெல் கொடுமைக்காரர் இல்லை, அதுதான் கஷ்டம். கொடுமைக்காரராக இருந்தால் திட்டிவிட்டாவது வரலாம். அவர் அவளை உட்காரச் சொன்னார், குளிருக்கு அடுப்புப் பக்கம் நகர்ந்துகொள்ளச் சொன்னார், எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"தொங்க விட்டாச்சு, சாகலை. அத்தோட விட்டுடலாமே ஐயா."

"சாகறவரைக்கும் தொங்கணும்னு தீர்ப்பும்மா. அவன் இன்னும் சாகலை, அதனால தண்டனை இன்னும் முடியலை. முடியாத தண்டனையிலிருந்து ஒருத்தனை எப்படி விடுவிக்க முடியும்? முடியட்டும், முடிஞ்சதும் நானே இறக்கச் சொல்றேன்."

"முடிஞ்சா செத்துப்போயிருப்பாரே."

"அதைத்தாம்மா நானும் சொல்றேன்" என்றார் வெண்டெல் வருத்தத்தோடு.

இந்த இடத்தில் யூதர் தெருவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் பெரிய தெரு. கொள்ளைநோய் ஒரு பாதியை எடுத்தது, கொள்ளைநோய்க்குக் காரணம் இவர்கள்தான் என்று நகரத்தார் மறுபாதியில் பெரும்பகுதியை எடுத்தார்கள், மிஞ்சியவர்களில் ஜெபத்துக்கு நிற்கத் தகுந்த ஆண்கள் சரியாகப் பத்துப் பேர். யூதர்களுக்குப் பத்துப் பேர் கூடினால்தான் சபை. ஒன்பது பேர் எத்தனை பெரிய பக்திமான்களாக இருந்தாலும் ஒன்பது தனி ஆட்கள்தான், வேதச் சுருளைத் திறக்க முடியாது, இறந்தவர்களுக்காக எதுவும் சொல்ல முடியாது. யேக்கெலைத் தூக்கில் போட்ட அன்றே தெரு ஒன்பதாகிவிட்டது. வாரக்கணக்கில் ஜெபக்கூடத்தில் ஆளுக்கொரு மூலையில் நின்று முணுமுணுத்துவிட்டுக் கலைந்தார்கள். ஊர் ஊராகச் சொல்லியனுப்பியும், யூதனை நாயோடு தொங்கவிடுகிற நகரத்துக்கு வந்து குடியேற ஒருவரும் தயாராக இல்லை.

தெருவின் மதகுரு ரபி ஜெலிக்மன் பழைய சட்ட ஏட்டுக் கட்டுகளையெல்லாம் புரட்டிக் கண்கள் சிவந்துபோனார். பிறகு ஒரு நாள் மேட்டுக்கு வந்து, யேக்கெலைச் சுற்றி ஒரு தடவை நடந்து பார்த்து, ஒரு சின்ன ஆசி சொன்னார். யேக்கெல் "ஆமென்" என்றான்.

"ஆமென் சொல்றான், அதனால காது கேக்குது, புத்தி தெளிவா இருக்கு. உயிர் இருக்கு. கால் எந்தப் பக்கம் இருக்கணும்னு சட்டம் சொல்லலை" என்றார் ரபி.

"தலைகீழா நிக்கறவனை எண்ணலாமா ரபி?" என்று கசாப்புக்காரர் லிப்மன் கேட்டார். அவர் எதையும் எடை போட்டுத்தான் பேசுவார்.

"நீ தூங்கிக்கிட்டே நிக்கறியே, உன்னையே எண்ணறோம்" என்று மேலிருந்து, இல்லை கீழிருந்து, யேக்கெலின் குரல் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள், பேலாவும் சிரித்தாள்.

ஆகவே தெரு மேட்டுக்கு வந்தது. சபையாக நிற்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும்படி நிற்க வேண்டும் என்பதால், காலையும் மாலையும் ஒன்பது பேர் போர்வை போர்த்திக்கொண்டு தூக்குமரத்தைச் சுற்றி நின்றார்கள், பத்தாவது ஆள் நடுவில் தொங்கினான், வேதச் சுருளை எண்ணெய்த் துணியில் சுற்றி எடுத்து வந்தார்கள், பெண்கள் சற்றுத் தள்ளி வேலியோரம் நின்றார்கள். காவல்காரர்கள் தடுக்கவில்லை, தடுக்கச் சொல்லி அவர்களுக்கு உத்தரவு இல்லை. மழை நாளில் மெழுகுத் துணியை நான்கு கம்பில் கட்டிப் பந்தல் மாதிரிப் பிடித்தார்கள். நாளடைவில் இதுவும் பழகிப்போயிற்று. குழந்தை பிறந்தால் அங்கே கொண்டுவந்து பெயர் வைத்தார்கள், திருவிழாவன்று அங்கேயே கொம்பு ஊதினார்கள், கதவு தட்டுகிற வேலைக்கு வேறு ஆள் வைக்கலாமா என்ற பேச்சு வந்தபோது, அவன்தான் உயிரோடு இருக்கிறானே, அந்த இடம் காலியாகவில்லையே என்று விட்டுவிட்டு, அவரவர் வீட்டில் அவரவர் எழுந்துகொண்டார்கள்.

ஒரு தடவை யேக்கெலுக்கு இருமல் வந்தது. தெருவே பதறிவிட்டது. தேன் வந்தது, பூண்டுக் கஷாயம் வந்தது, லிப்மன் தன் கம்பளியைக் கொண்டுவந்து தானே அவன் உடம்பில் சுற்றினார், ரபி அவன் நீடித்து வாழ வேண்டும் என்று விசேஷ ஜெபம் சொன்னார், ஒன்பது பேரும் கண்ணீரோடு சொன்னார்கள். பேலா வேலியோரம் நின்று அதைக் கேட்டாள். இவர்கள் யாருக்காக அழுகிறார்கள் என்று யோசித்தாள். கூரை ஒழுகினால் வீட்டுக்காரன் பதறுவான், கூரைக்காகவா பதறுவான்? அன்றைக்கு அவர்கள் அவன் வாழ வேண்டும் என்று சொல்லச் சொல்ல, அவள் வாய்க்குள்ளேயே அவன் செத்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள், சீக்கிரம், இன்றைக்கே, வலியில்லாமல். அவன் மேல் அவளுக்கு அவ்வளவு பிரியம் இருந்தது. யேக்கெல் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அவளுடைய ஜெபத்துக்கு ஆமென் சொன்னானா, அவர்களுடைய ஜெபத்துக்குச் சொன்னானா என்று அவள் கேட்கவில்லை.

வசந்த காலத்தில் மணி அடித்தது. கோவில் கோபுரத்தில் வருஷக்கணக்காகச் சேர்ந்த புறாக் கழிவை வாரியபோது, இரண்டு பலகைகளுக்கு நடுவே, எச்சத்துக்கு அடியில், கொக்கி அறுந்து விழுந்த நாக்கு கிடந்தது. யாரும் திருடவில்லை, யாரும் ஆற்றில் போடவில்லை, விழுந்த இடத்திலேயே இருந்திருக்கிறது. மறுபடி பூட்டி அடித்தார்கள். மேட்டில் தொங்கிக்கொண்டிருந்த யேக்கெல் அதைக் கேட்டுவிட்டு, "அட, கிடைச்சிடுச்சா!" என்று யாரோ தொலைத்த பொருள் அவர்களுக்குக் கிடைத்ததற்குச் சந்தோஷப்படுவது போலச் சந்தோஷப்பட்டான். பேலா ஊட்டிக்கொண்டிருந்த கிண்ணத்தைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள்.

வெண்டெலும் சந்தோஷமாகத்தான் இருந்தார். அவருக்குக் கீழே இருந்த இருவரோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நெடுநேரம் பேசினார். வெளியே வந்தபோது அந்தச் சந்தோஷம் முகத்தில் இல்லை.

"உன் புருஷன் திருடலைன்னு இப்ப எங்களுக்கும் தெரியும்மா."

பேலா அவர் காலில் விழப்போனாள். அவர் தடுத்தார்.

"இரு, இரு. திருடலை. ஆனா திருடினேன்னு சத்தியம் பண்ணினானே? அது அப்ப பொய்ச் சத்தியமாச்சே."

"விரலை நசுக்கினா யாரும் சொல்லுவாங்க ஐயா!"

"நசுக்கினது விசாரணை. சொன்னது அவன். நீதிமன்றத்துல பொய்ச் சத்தியம் பண்ணின யூதனுக்கு என்ன தண்டனைன்னு உனக்குத் தெரியுமா?"

அவளுக்குத் தெரியும். தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

"அதே தண்டனைதாம்மா" என்று வெண்டெல் சொன்னார். "ஏற்கெனவே தொங்கறான், அதனால புதுசா ஒண்ணும் பண்ண வேண்டியதில்லை. காரணம் மட்டும் மாறியிருக்கு. அவன்கிட்ட நீயே சொல்லிடு."

அவள் போய்ச் சொன்னாள். யேக்கெல் இந்தத் தடவை சிரிக்கவில்லை. அதுவரை அவனுக்கும் உள்ளுக்குள் ஒரு நம்பிக்கை இருந்திருக்கிறது என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது; தன்னைச் சிரிக்கவைக்கத்தான் அவன் சிரித்துக்கொண்டிருந்தான் என்பதும் தெரிந்தது. பிறகு ரபியைக் கூப்பிடச் சொன்னான்.

"ரபி, தொங்கறவன் பெண்டாட்டிக்கு விவாகரத்து கொடுக்கலாமா?"

"மூச்சு இருக்கற வரைக்கும் கொடுக்கலாம். கொடுக்கறதுதான் நல்லதும்கூட" என்றார் ரபி. பேலாவின் பக்கம் திரும்பி, "நீ சின்னப் பொண்ணும்மா. இவன் எப்ப சாவான்னு யாருக்கும் தெரியாது. செத்ததைக் கண்ணால பார்த்த சாட்சி இல்லாம நீ விதவையும் ஆக முடியாது, இன்னொருத்தரைக் கட்டவும் முடியாது. கட்டுண்டவளாவே கிடப்பே" என்றார்.

"எழுதச் சொல்றேன், வாங்கிக்கோ" என்றான் யேக்கெல்.

"மாட்டேன்."

"பேலா..."

"பெண்டாட்டி சம்மதிக்காம கொடுக்க முடியாதுன்னு நம்ம சட்டத்துல இருக்கு. இருக்கா இல்லையா, சொல்லுங்க ரபி? இருக்கு. நான் சம்மதிக்கலை. இந்த ஊர்ல என் பேச்சுக்குன்னு இருக்கறது அந்த ஒரு சட்டம்தான், அதையும் விட்டுக் கொடுக்கவா?"

ரபி இருக்கிறது என்று தலையசைத்தார். யேக்கெல் கண்களை மூடிக்கொண்டான், கண்ணீர் நெற்றி வழியாகத் தலைமயிருக்குள் போயிற்று.

கோடைக்காலத்தில் தண்டோரா போட்டார்கள். திராட்சை அறுக்கத் தொடங்குமுன் நகரத்திலிருக்கிற யூதர் ஒவ்வொருவரும் வெளியேறிவிட வேண்டும், ஒருவர்கூட மிஞ்சக் கூடாது. காரணம் எதுவும் சொல்லவில்லை, நகரத்தின் நிம்மதிக்காக என்றார்கள். தெருவில் பெண்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள், லிப்மன் தன் கடைக் கட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பேலா மட்டும் சிரித்தாள். பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று பக்கத்து வீட்டு ரெஹ்லின் பயந்தாள்.

"அக்கா, உங்களுக்குப் புரியலையா? ஒருத்தர்கூட மிஞ்சக் கூடாதாம். அவரும் யூதர்தானே? அவரை இறக்கித்தானே ஆகணும்!"

அன்றைக்குப் போலப் பேலா எந்த நாளும் நடந்ததில்லை, கால் தரையில் பாவவில்லை. வெண்டெல் அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு, பேனாவைக் கீழே வைத்து, நாற்காலியில் சாய்ந்து, இது நல்ல கேள்வி என்று ஒப்புக்கொண்டார். நகர சபையில் இதைப் பற்றிச் சூடாக விவாதித்தார்கள். உத்தரவு யூதர் ஒவ்வொருவரும் போக வேண்டும் என்கிறது, தீர்ப்பு இந்த யூதன் இங்கேயே இருக்க வேண்டும் என்கிறது. இரண்டில் எது பெரியது? சிலர் அவனை இறக்கிவிடலாம் என்றே பேசினார்கள், சங்கிலியும் மிச்சமாகும் என்றார்கள். பேலா வீட்டில் அவனுக்குச் சட்டை துவைத்து வைத்தாள், வண்டியில் அவன் படுத்துவர வைக்கோல் பரப்பினாள், காலை நேராக வைத்து நடக்க மறந்திருப்பானே என்று தாங்கு கட்டைக்கு லிப்மனிடம் சொல்லிவைத்தாள். ஒரு நாள் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, அவன் முகத்தை நேராக நினைத்துப் பார்க்க முயன்றாள், கிட்டத்தட்ட வந்துவிட்டது.

நகர சபையார் கயிறு பிடித்து எல்லையை அளக்கச் சொன்னார்கள். அளந்து முடித்த பிறகு வெண்டெல் அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

"தூக்குமேடு மதிலுக்கு வெளியே இருக்கும்மா. அவன் நகரத்துக்குள்ள இல்லை. அதனால இந்த உத்தரவு அவனைக் கட்டாது."

பேலாவுக்கு முதலில் காதில் விழவே இல்லை. அவர் இன்னொரு தடவை சொன்னார்.

"அப்ப நானும் அந்த மேட்டுலயே இருந்துக்கறேன். நானும் நகரத்துக்குள்ள இருக்க மாட்டேன்."

"மேடு தண்டனை பெற்றவங்களுக்கு மட்டும்தான்."

"என்ன தப்பு பண்ணினா அங்க தொங்கலாம்? சொல்லுங்க, பண்றேன்."

வெண்டெல் அவளை இரக்கத்தோடு பார்த்தார். "பெண்களை நாங்க தொங்க விடறதில்லைம்மா. ஆத்துல போடுவோம்" என்றார்.

போகிற நாளன்று வண்டிகள் கிழக்கு வாசல் வழியாக வெளியே வந்தன. அந்தப் பாதை மேட்டின் அடிவாரத்தைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது. வழியனுப்புகிற மாதிரி இரண்டு பக்கமும் ஈட்டிக்காரர்கள் நின்றார்கள். மேட்டில் ஒரு ஜெபத்துக்கு நேரம் தரலாம், அதற்குமேல் கிடையாது என்று அவர்களுடைய தலைவன் சொன்னான். ஒன்பது பேரும் வழக்கம்போல மரத்தைச் சுற்றி நின்றார்கள். யார் முகத்தை யார் பார்ப்பது என்று தெரியாமல் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். பேலா அவனுக்குக் கடைசி ரொட்டியை ஊட்டி முடித்து, கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டு, வேலிக்கு அந்தப் பக்கம் போகாமல் நேராக ரபியிடம் வந்தாள்.

"ரபி, அவருக்குக் கடிஷ் சொல்லுங்க."

கடிஷ் என்பது யூதர்கள் செத்தவர்களுக்காகச் சொல்கிற ஜெபம். ரபிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னம்மா பேசறே? உயிரோட இருக்கறவனுக்கா? கேட்டுக்கிட்டு இருக்கான்!"

"நாளைக்கு அவருக்கு யாரு ரொட்டி ஊட்டுவா? யாரு கால்ல பனி தட்டுவா? அடுத்த ஊருக்குப் போனா உங்க ஒன்பது பேருக்குப் பத்தாவதா ஒருத்தர் கிடைச்சிடுவார், அவருக்கு யாரு கிடைப்பா?"

"தெரியும்மா, தெரியும்..."

"இல்லை, கேளுங்க. அவர் என்னைக்குச் சாவார்னு எனக்குத் தெரியாது. நாளைக்கோ, பத்து வருஷம் கழிச்சோ. சேதி சொல்ல இங்க நம்ம ஆள் ஒருத்தரும் இருக்க மாட்டாங்க. அன்னைக்கு நான் எங்கயாவது மாவு பிசைஞ்சுக்கிட்டு இருப்பேன், சிரிச்சுக்கிட்டுக்கூட இருப்பேன். எனக்கு அழற நாளே கிடையாதா? இன்னைக்கு அழுதுட்டுப் போறேன். எனக்கு அதையாவது கொடுங்க."

ரபி தாடியை உருவிக்கொண்டு நின்றார், சட்டத்தில் எங்காவது இதற்கு இடம் இருக்கிறதா என்று அவர் மனம் ஓடிக்கொண்டிருந்தது தெரிந்தது. கடைசியில், "சொல்லணும்னாலும் பத்துப் பேர் வேணுமேம்மா. செத்தவனைச் சேர்த்து எண்ண முடியாது. அவனை விட்டா நாங்க ஒன்பது பேர்தான்" என்றார். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"நான்தான் இருக்கேனே ரபி" என்றான் யேக்கெல். "சொல்லுங்க. நேரமாச்சு."

கடிஷை லிப்மன் சொன்னார், அவர் குரல்தான் உடையாது என்று நினைத்தார்கள், இரண்டாவது வரியிலேயே உடைந்தது. ஆமென் சொல்ல வேண்டிய இடங்களில் எட்டுப் பேர் முனகினார்கள். ஒருவன் மட்டும் உரக்க, தெளிவாக, ஒவ்வொரு இடத்திலும் தவறாமல், தன்னுடைய சாவுக்கு ஆமென் சொன்னான். ரபி கத்தியால் பேலாவின் மேலங்கிக் கழுத்தில் சின்னதாக ஒரு வெட்டு வைத்தார், துக்கக்காரி தன் கையாலேயே கிழிக்க வேண்டும் என்பது முறை, அவள் நெஞ்சு வரைக்கும் கிழித்தாள். அந்தத் துணி கிழிகிற சத்தத்தைக் கேட்டு ஈட்டிக்காரர்களில் ஒருவன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

அடக்கம் முடிந்ததும் வந்தவர்கள் இரண்டு வரிசையாக நிற்பார்கள், துக்கப்படுகிறவர் நடுவே நடந்துபோக வேண்டும். அதற்கும் பத்துப் பேர் வேண்டும். ஒரு பக்கம் ஐந்து பேர் நின்றார்கள், மறுபக்கம் நான்கு பேர், நான்காவது ஆளுக்கு அடுத்து, மரத்தடியில், அவன். பேலா வரிசையின் அந்தக் கோடியிலிருந்து நடந்து வந்தாள். "இடம் உன்னைத் தேற்றட்டும்" என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள். துக்கம் கேட்கும்போது யூதர்கள் கடவுளைக் கடவுள் என்று சொல்வதில்லை, இடம் என்ற பெயரால்தான் சொல்வார்கள், எல்லாவற்றுக்கும் அவரே இடம் என்று பொருள். தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்த வார்த்தை. அன்றைக்கு அதைச் சொல்லும்போது ஒவ்வொருவருக்கும் வாய் கோணியது, கீழே பாதையில் மூட்டை கட்டிய வண்டிகள் நின்றுகொண்டிருந்தன. லிப்மன் சொன்னார், ரபி சொன்னார், ஒவ்வொருவராகக் கடந்து அவள் கடைசி ஆளுக்கு முன்னால் வந்து நின்றாள்.

யேக்கெல் அவளைப் பார்த்தான். அவன் சிரிக்கிறானா அழுகிறானா என்பது இப்போதெல்லாம் அவளுக்குப் பார்த்தவுடனே தெரியும், ஆனால் அன்று அவளால் சொல்ல முடியவில்லை.

"இடம் உன்னைத் தேற்றட்டும்" என்றான், மற்றவர்கள் சொன்னதைப் போலவே, ஒரு வார்த்தைகூடக் கூட்டாமல் குறைக்காமல்.

அவளுக்கு அவன் முகத்தைத் தொட வேண்டும் போல இருந்தது, ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் போல இருந்தது. ஆனால் துக்கத்தில் இருப்பவள் யாருக்கும் வந்தனம் சொல்லக் கூடாது, யாரிடமும் விடைபெறவும் கூடாது, அதுதான் முறை, அந்த முறையைக் கேட்டு வாங்கியவள் அவள். கீழே ஈட்டிக்காரர்களின் தலைவன் நேரமாயிற்று என்று கத்தினான். பேலா தன் புருஷனிடம் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் வண்டியை நோக்கி நடந்தாள்.